மாமியார் வீட்டு மருந்து

தாரண வருடம், தை 14

இன்று மேல ராஜவீதியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பாதி வீதியில் என் கிளாரினெட் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. மாப்பிள்ளையே திரும்பிப் பார்த்தார். குழந்தைசாமி மாஸ்டர் எங்கள் பேண்டு செட்டுக்கு நடுவிலேயே என் பக்கம் சாய்ந்து, "ஏண்டா உடையப்பா, கல்யாணத்துக்கு வாசிக்கிறியா, கசாப்புக் கடைக்கு வாசிக்கிறியா?" என்றார்.

நான் என்ன செய்ய? கிளாரினெட் வாசிக்கிறவன் கீழுதட்டைப் பல்மேல் மடித்து, அதன்மேல்தான் ஊதுவாயின் நாணல் ரீடை வைக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் பார்த்துப் பார்த்து மிளகு மிளகாக நாலு புண். ஊதினால் உயிர் போகிறது. ஒன்று ஆறினால் பக்கத்தில் இன்னொன்று வருகிறது. ஒரு வருடமாக இதே கதை.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா மணத்தக்காளிக் கீரையும் கோதுமை அடையும் கொடுத்தாள். சண்டைக் காலம்; ரேஷன் கார்டில் இப்போது பாதி அரிசி, பாதி கோதுமை. தெருவில் பாதிப்பேருக்குக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியவில்லை; அரிசி போல உலையில் போட்டுவிட்டு நாளெல்லாம் காத்திருக்கிறார்கள். ஆத்தா மட்டும் ஏந்திரத்தில் உடைத்து, அரைத்து, கஞ்சி அடை உருண்டை அல்வா என்று எல்லாம் பழகிவிட்டாள். இரண்டு தெரு தாண்டி வந்து செய்முறை கேட்கிறார்கள். அவளுக்குத் தலை கால் புரியவில்லை.

தை 20

முழங்கையில் அரிப்பு. முழங்காலிலும். சின்னச் சின்னக் கொப்புளம். சொறிந்தபடி கிளாரினெட் வாசிக்க மூன்றாவது கை வேண்டும்.

மாசி 6

டாக்டரிடம் போனேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே ஐயா உன்கிட்ட!" என்றார். இளைத்துக்கொண்டே போகிறேன் என்றேன். சாயங்காலமானால் கால் இரண்டும் மரத்துப் போய் எறும்பு ஊர்கிறது, வயிறு மட்டும் சில நாள் தவில் போல உப்புகிறது, மனப்பாடமான மெட்டு நடுவில் மறந்து போகிறது என்றும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே டானிக் எழுதிக் கொடுத்தார். மீன் நாற்றம்.

"நல்லாச் சாப்பிடு. அரிசியைக் குறைச்சுக் கோதுமையைச் சேர்த்துக்க. பஞ்சாப்காரனைப் பார்த்திருக்கியா? மலை மாதிரி இருப்பான்."

ஆத்தாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அரிசியெல்லாம் தனக்கு, கோதுமையெல்லாம் எனக்கு என்று ஆகிவிட்டது. மூன்று வேளையும் பஞ்சாப்தான்.

பங்குனி 2

பெண் பார்க்கப் போனோம். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கம். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை ஏற்றத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் தள்ளுவது போல் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தேன். கீரனூரில் இறங்கி மீதி தூரம் மாட்டு வண்டி.

வாசல்படி ஏறும்போது மரத்த கால் தடுக்கி, பழத்தட்டோடு உள்ளே போய் விழுந்தேன். நல்ல சகுனம்! பெண்ணின் தாயார் மீனம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். சோர்ந்த கண், புண் வாய், தள்ளாட்டம்.

"கேக்குறேனேன்னு வருத்தப்படாதீங்க. தம்பி தண்ணி கிண்ணி போடுமா?"

ஆத்தாவுக்கு வந்ததே கோபம். "எம் புள்ள கோதுமைக் கஞ்சியத் தவிர ஒண்ணும் குடிக்காதுங்க!"

கதவுக்குப் பின்னாலிருந்து பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் சம்பந்தம் முடிவானது என்று நினைக்கிறேன். பெயர் காத்தாயி. ஆனால் ஆத்தா அந்தத் "தண்ணி கிண்ணி"யை மறக்கப் போவதில்லை.

பார்த்திப வருடம், வைகாசி 11

கல்யாணம் ஆயிற்று. மாலைக்குள் கையை விட்டு விட்டுச் சொறிந்ததில் பாதி மாலை உதிர்ந்துவிட்டது. நம் செட்டுதான் வாசித்தது. என் இடத்தில் மாஸ்டரே வாசித்தார். நான் வாசிப்பதைவிட நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். என்னிடமே சொன்னார்கள்.

வைகாசி 27

மாமியார் வீட்டில் விருந்துக்கு வந்தவன் இன்னும் இங்கேயே இருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எப்படிச் சொல்வது — வாயில் ஒரு புண்கூட இல்லை! ரசத்தில் மிளகு காரமாக இருப்பது இத்தனை சுகமா? காலையில் கம்மங்கூழ், மத்தியானம் வரகுச்சோறும் கோழிக் குழம்பும், ராத்திரி சாமைச்சோறு. எல்லாம் அவர்கள் காட்டில் விளைந்தது. கார்டும் கிடையாது, கியூவும் கிடையாது. நேற்றுக் கிணற்றில் நானே தண்ணீர் இறைத்தேன். காத்தாயி, "ஒங்களுக்கு இம்புட்டுத் தெம்பு இருக்கா? அப்ப பஸ்ஸ ஏன் தள்ளல?" என்கிறாள். அவளிடம் யார் சொன்னார்கள்?

ஆனி 14

ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மறுபடி புண்.

ஆனி 29

ஆத்தா இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பு, மறைக்காமச் சொல்லு. அங்கிட்டுப் போனா நல்லா இருக்கே. இங்கிட்டு வந்தாச் சுருண்டு போறே. எதுனால?"

"தெரியலையே ஆத்தா."

"எனக்குத் தெரியும். மருந்து வச்சுட்டாங்க."

அதாவது மாமியார் சோற்றில் எதையோ கலந்து என்னைத் தன் வீட்டோடு இழுத்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாராம். மருந்து உள்ளே இருக்கும் வரை அந்த வீட்டில்தான் உடம்பு தேறுமாம். சிரித்தேன். ஆத்தா சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காத்தாயி பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுவிட்டது. கேட்டுவிட்டாள்.

நாளை அவளை ஆடிக்கு அழைத்துப் போக அவள் அப்பா, என் மாமா, வருகிறார். எப்போது திரும்பி வருவாள்? வருவாளா?

ஆடி 9

மருந்து எடுக்கிறவரிடம் ஆத்தா என்னை இழுத்துக்கொண்டு போனாள். போகாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்றாள். அந்த மனிதர் என் தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சினார். குழல் வாசிக்கிறவன் நான். என்னையே ஒருவர் வாசித்துவிட்டார். கடைசியில் முடியும் பிசினும் கலந்த ஒரு உருண்டையைத் துப்பிக் காட்டினார். "பார்த்தியா, பார்த்தியா!" என்று ஆத்தா அழுதாள்.

மருந்து போய்விட்ட சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து அல்வா கிண்டினாள். நெய் சொட்டச் சொட்ட. நானும் நிறையச் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், ஆத்தா அல்வாவுக்கு ஈடு கிடையாது.

ஆடி 12

பேதி. எழுத முடியவில்லை.

ஆடி 32

உலகச் சண்டை முடிந்துவிட்டதாம். ஊரெல்லாம் கொடி. ஊர்வலத்துக்கு நம் செட்டைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, என் கையில் ஜால்ராவைக் கொடுத்தார். எட்டு வருடமாகக் கிளாரினெட் வாசிக்கிறவன் ஜால்ரா தட்டிக்கொண்டு போனேன். முடிந்ததும் தோளில் கை போட்டு, "தைக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளப் பார்க்கணும்டா. கோவிச்சுக்காதே" என்றார். கோபமில்லை. வீட்டுக்கு வந்ததும் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆவணி 8

காத்தாயி வந்துவிட்டாள்! வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை. நேரே ஆத்தா முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, நான் அடுப்பாங்கரைப் பக்கமே வரலை. ஒங்க புள்ளைக்கு நீங்களே ஆக்கிப் போடுங்க. அப்பவும் சீக்கு தீரலேன்னா, எங்க ஆத்தாவைப் பேசினதுக்கு எனக்குப் பதில் சொல்லணும்."

ஆத்தாவும் விடவில்லை. "சரிடி, பார்ப்போம்" என்றாள். வீடு கோர்ட்டு மாதிரி இருக்கிறது. நான்தான் சாட்சிப் பொருள் — இரண்டு பேரும் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

புரட்டாசி 10

சரியாகவில்லை. காத்தாயி ஆத்தாவிடம் பதில் கேட்கவில்லை. ராத்திரி மட்டும், "எனக்குச் சண்டையில செயிக்க வேணாங்க. நீங்க நல்லா இருந்தாப் போதும்" என்றாள்.

மாதம் முழுக்கக் கல்யாணம் கிடையாது, செட்டுக்கு வேலையில்லை. வரகுக் காட்டில் களையெடுக்க ஆள் வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகிறேன்.

ஐப்பசி 12

மாமியார் வீடு. புண் ஆறிவிட்டது. கால் எறும்பும் குறைந்திருக்கிறது. களையும் எடுத்தேன், கிளாரினெட்டும் வாசித்தேன். மாடு நின்று கேட்டது.

பயமாகவும் இருக்கிறது. ஒருவேளை ஆத்தா சொல்வது நிஜமோ?

ஐப்பசி 17

நாளைக்குத் தலைதீபாவளி. இன்று மத்தியானம் வாசலில் வண்டி நின்றது. இறங்கியது ஆத்தா! தலையில் ஒரு மூட்டை கோதுமை மாவு, கையில் ஒரு தூக்கு அல்வா. எந்த ஊரில் மாப்பிள்ளையின் தாயார் தலைதீபாவளிக்கு வருகிறார்கள்?

"எங் கண்ணால பார்க்கணும்னு வந்தேன். இவன் இங்க இருக்கிற வரைக்கும் எங் கையாலதான் சாப்பிடுவான். ஒங்க வீட்டுப் பச்சைத் தண்ணியக்கூடத் தொட மாட்டான்."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.  மாமியார், "அதுக்கென்ன, வாங்க" என்று தன் அடுப்பை விட்டு எழுந்து, விறகையும் எடுத்துக் கொடுத்தார்.

ஐப்பசி 21

படுத்தபடி எழுதுகிறேன். எழுதாவிட்டால் சிரிப்பு அடங்காது. சிரித்தால் வாய் வலிக்கிறது.

தீபாவளியன்று ஆத்தா கை அல்வா, ஆத்தா கை அடை, ஆத்தா கை உருண்டை. தண்ணீர்கூட அவளே இறைத்த தண்ணீர். மாமியார் வீட்டில் எல்லோரும் வரகுச் சோறும் கறியும் சாப்பிட, நான் மட்டும் ஓரமாகக் கோதுமை. மறுநாள் வயிறு தவிலாயிற்று. வாந்தி. இன்று காலை வாய் நிறையப் புண்.

மாமியார் வெந்நீர் வைத்துவிட்டு, அதைக் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சொம்போடு வாசற்படியிலேயே நின்றார். ஆத்தா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடுவது தெரிந்தது. இங்கே யாரும் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் அவள்தான்.

மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் கோதுமையா அப்பு? கோதுமையா இருக்குமா?"



"அப்ப ஒனக்கு மருந்து வச்சது நாந்தானா?"

அழப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நல்லாருக்கே பேச்சு! அல்வாவ நானும்தான் ரெண்டு உருண்டை ஒளிச்சு வச்சுத் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. ஒங்க கையில தப்பில்ல. தம்பி ஒடம்பு வேற மாதிரி."

"அல்வா நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் ஆத்தா. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

அப்போதுதான் காத்தாயி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

வெந்நீரை ஆத்தாவே வாங்கி எனக்குக் கொடுத்தாள்.

கார்த்திகை 15

கோதுமையை நிறுத்தியாயிற்று. எங்கள் கார்டில் வருவதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அவர்கள் அரிசியில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம். மீதிக்கு மாமா வண்டியில் வரகு வருகிறது. ஆத்தா ஏந்திரத்தைக் கழுவி, காயவைத்து, மறுபடியும் கழுவினாள்.

டாக்டரிடம் சொன்னேன். "கோதுமை ஒத்துக்காத ஆளை நான் எந்தப் புஸ்தகத்திலும் படிச்சதில்லையே" என்றார். பிறகு என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். "சரி, விட்டுடு. விட்டே இரு" என்றார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. டானிக்கையும் நிறுத்தச் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை.

தை 9

திருக்கோகர்ணத்திலிருந்து கீழ ராஜவீதி வரை, ஊர்வலம் முழுக்க வாசித்தேன். எங்கும் கத்தவில்லை. மெட்டும் மறக்கவில்லை. முழங்கையில் அரிப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். முடிந்ததும் மாஸ்டர் என் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வெற்றிலையை நீட்டினார்.

கல்யாண வீட்டில் பந்தியில் பூரி போட்டார்கள். வேண்டாம் என்றேன். "மாப்பிள்ளை முறுக்கா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.

மாசி 22

வரகு அறுப்புக்கு ஒத்தாசையாக நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சம்பந்தி வீட்டுக்குப் போன ஆத்தாவைக் காணோம். அழைத்து வரலாம் என்று நானும் காத்தாயியும் இன்று போனோம்.

இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வரகு புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா நிமிர்ந்து பார்த்து, "வாங்க, வாங்க" என்றாள் — அவள் வீட்டுக்கு நாங்கள் விருந்தாளியாக வந்த மாதிரி.

"கெளம்பலையா ஆத்தா?"

"எங்கிட்டு? மீனம்மாளுக்கு இடுப்பு வலி. தனியாப் போட்டுட்டு வரச் சொல்றியா?"

மாமியார் முறத்தை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி இருப்பதாகத் தெரியவில்லை. காத்தாயி என் காதில் சொன்னாள், "எங்க ஆத்தா மருந்து வச்சிருச்சு போல!"

சாப்பிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.