லெட்சுமி அக்காவின் ராஜினாமா கடிதம்

மார்ச் 12, செவ்வாய்

சுங்காய் தோட்டத்தில் என்னிடம் கேக் செய்யக் கற்ற லெட்சுமி அக்கா இன்று மாலை போன் செய்தார். எண்ணெய்க்கான செம்பனைப் பழ உதிரி பொறுக்கும் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் கேக் தொழிலில் இறங்கச் சொன்னவள் நான்தான். ராஜினாமா கடிதத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

“மாசக் கடைசிக்குள்ள வீட்டுச் சாவியக் கொடுக்கணுமாம் டீச்சர், தோட்டத்து ஆபீஸ் கிராணி சொல்லிட்டாரு. வேலைய விட்டா தோட்டத்து வீடும் போயிரும்னு தெரியும். நீங்க பேசி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்லா.”

குரலில் கோபமே இல்லை. ஈப்போ நகரில் வளர்ந்த எனக்கு, வேலையோடு வீடும் போகும் என்பது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

அதே கடிதத்தை இன்னும் மூன்று பெண்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கொடுப்பதாகச் சொன்னார்கள். மூவருமே போனை எடுக்கவில்லை. விடியுமுன் பெரட்டு தொடங்கிவிடும். அதற்குள் போய்த் தடுக்க வேண்டும்; கார் சாவியைத் தேடுகிறேன்.