தாண்டிப்போன ஒன்பது வீடுகள்

நண்பரே,

இன்று காலை சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கடையிலிருந்து இஞ்சித் தேத்தண்ணீரின் மணம் வந்தது. நான் நடையை எட்டிப் போட்டேன். அந்த மணம் வந்தால் எனக்கு உம்முடைய நினைவும் வயிற்றில் ஒரு புரட்டலும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் நீர்தான் பொறுப்பு. நீர் கண் மூடி இரண்டு மாரி கழிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பொறுப்பிலிருந்து உம்மை விடுவிப்பதாக இல்லை.

அறுபதுகளில் ஒரு நகரசபைத் தேர்தல் நேரம் நீர் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்தீர். அரசியல் விஞ்ஞானச் சிறப்புப் பட்டத்துக்கு ஓர் ஆய்வு எழுதவேண்டும். அது தேறினால் உமக்குப் படிப்பிக்கும் வேலை. தேறாவிட்டால் துறைமுகத்தடியில் உங்கள் ஐயாவின் கயிற்றுக் கடை. தராசுக்குப் பக்கத்தில் உமக்கென்று ஒரு கதிரையைத் துடைத்தே வைத்திருந்தார் ஐயா. அதைக் கண்டாலே உமது முகம் கறுத்துவிடும். துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நான் லீவு போட்டுவிட்டு உமக்குத் துணையாக வந்தேன். துணை என்ன துணை, வேடிக்கை பார்க்கத்தான்.

வேட்பாளர் படலையைத் திறந்து உள்ளே வந்தால் அந்த வீட்டு வோட்டு அவருக்குத்தான் என்று ஊரில் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். அதைச் சோதித்து நிறுவப்போவதாகச் சொன்னீர். நம் வட்டாரத்துச் சால்வைக்கார வேட்பாளர் பாதி ஒழுங்கைகளுக்கு வீடு வீடாகப் போயிருந்தார். மீதிக்குப் போகமுன் காய்ச்சலில் படுத்துவிட்டார். போன ஒழுங்கைகளையும் போகாத ஒழுங்கைகளையும் ஒப்பிடலாம் என்று அந்த மனிதரின் காய்ச்சலைக் கொண்டாடியவர் ஊரிலேயே நீர் ஒருவர்தான்.

"முதல்ல வித்தியாசம் ஒண்டும் இல்லையெண்டு வச்சுக்கொள்ள வேணும்," என்றீர். "தரவு வந்துதான் எங்களை அந்த நினைப்பிலயிருந்து கலைக்க வேணும்."

"எங்கட பெரியம்மா சம்பந்தம் பேசுறதும் இப்பிடித்தான். மாப்பிள்ளை குடிகாரன் எண்டு வச்சுக்கொண்டுதான் விசாரிக்கத் துவங்குவா."

நீர் சிரிக்கவில்லை. "உங்கட பெரியம்மாவுக்கு விஞ்ஞானம் தெரியும்," என்றீர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அந்த ஒரு சோற்றை நம் விருப்பத்துக்குப் பொறுக்கக்கூடாது என்பது உமது பாடம். ஆகவே பத்து வீட்டுக்கு ஒரு வீடு. பானைச் சோறு பேசாமல் கிடக்கும். ஒழுங்கை கிடக்குமா? முதலாவது வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தோம். அடுத்த படலையிலேயே தங்கமக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தம்பிமார், எங்கட வீட்டில மனுசர் இல்லையோ?"

"அப்பிடியில்லை அக்கா. இது எழுமாற்று முறை. பத்துக்கு ஒரு வீடுதான்."

"அவளின்ர வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டு என்ர படலையைத் தாண்டிப் போனால், நாளைக்கு நான் கிணத்தடியில எப்பிடி முழிக்கிறது? அவளுக்கு முன்னம் இந்த ஒழுங்கையில வீடு கட்டினது நாங்கள், தெரியுமோ?"

நீர் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினீர். வேலிக்கு வேலி தலைகள் தெரிந்தன. பாதி வழியில் விட்டால் ஒழுங்கை இரண்டு படும் என்று நான்தான் உம்மைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் போனோம். எல்லா வீட்டிலும் குடித்தோம். பத்தாவது வீட்டில் நீர் கேட்டு எழுதினீர். மற்ற ஒன்பதிலும் மரியாதைக்கு நான் ஏதாவது கேட்க, நீர் எழுதுவதுபோல் பாவனை செய்தீர். இஞ்சி, மல்லி, வெறுந்தேத்தண்ணீர், சீனி கூடினது, சீனி மறந்தது. என் வயிறு அன்று பட்ட பாட்டுக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை.

அதைவிடப் பெரிய இடி, பத்தாவது வீடுகளில் வந்த பதில். யாருக்குப் போடுவீர்கள் என்று கேட்டால், "உங்கட ஆளுக்குத்தான் தம்பி," என்றார்கள். எங்களுக்கு ஆள் இல்லை என்றால், "எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுறவை," என்று இன்னொரு வடையை வைத்தார்கள். வீடு தேடி வந்தவனை முகம் வாடி அனுப்புகிற ஊரா இது? சால்வைக்காரரா, ஓம். எதிராளியா, அவருக்கும் ஓம்.

கடற்கரை மணலில் இருந்துகொண்டு தலையில் கை வைத்தீர். "கயிறுதான் மச்சான். நான் கயிறுதான் நிறுக்கப்போறன்," என்றீர். குரல் உடைந்திருந்தது. எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

வழி மறுநாள் தங்கமக்கா வீட்டில் திறந்தது. அன்று அவசரமாய்ப் போய்விட்டோம் என்று அவரே கூப்பிட்டார். வேறு பேச்சு இல்லாமல், "பக்கத்து வீட்டார் ஆருக்கக்கா போடுவினம்?" என்று கேட்டேன்.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "அவையோ? சால்வைக்காரர் வந்தவுடன மாலை போட்டவை. வாசலால அவர் இறங்க முதல் மற்றவருக்கெண்டு முடிவெடுத்தவை. வேலிக்கு இஞ்சால நிண்டு கேட்டனான்."

உமது பென்சில் பாவனையை மறந்து ஓடத் தொடங்கியது. தன்னைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஓம் என்கிறார்கள். அயலைப் பற்றிக் கேட்டால் உண்மை தடை இல்லாமல் வருகிறது. ஒழுங்கை ஒழுங்கையாகத் திரும்பவும் போனோம். திரும்பவும் குடித்தோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் சால்வைக்காரர் போன ஒழுங்கைகளில் அவருக்குக் கொஞ்சம் கூட இருந்தது. ஆனால் தற்செயலாகவே வரக்கூடிய அளவுக்குத்தான். "கொஞ்சம் கூட எண்டால் கூடத்தானே, எழுதி விடுமன். பட்டம் முக்கியமெல்லோ," என்றேன். என்னை முறைத்துப் பார்த்தீர்.

"வித்தியாசம் இல்லையெண்டு நான் சொல்லேல்லை. இருக்குதெண்டு சொல்ல என்னட்ட ஆதாரம் காணாது. அவ்வளவுதான் எழுதுவன்."

தேர்தலில் சால்வைக்காரர் தோற்றார். "எல்லா வீட்டிலயும் ஓம் எண்டவை தம்பி," என்று உம்மிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னார். "எங்களுக்கும் அப்பிடித்தான் ஐயா," என்று அவரைத் தேற்றி அனுப்பினீர்.

ஆய்வைப் பார்த்த பேராசிரியர், பத்துக்கு ஒரு வீடு என்று நீர் எடுத்த மாதிரி கெட்டுவிட்டது என்றாராம். எப்படிக் கெட்டது என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன் என்றீராம். தேத்தண்ணீர் உட்பட. அவர் வாசித்துச் சிரித்துவிட்டு, அப்படியானால் இந்த மக்களின் மனம் உமக்குத் தெரியுமா என்று கேட்டாராம். ரயிலால் இறங்கிய கையோடு உமது பதிலை எனக்குச் சொன்னீர்: "தெரியாது சேர். எவ்வளவுக்குத் தெரியாதெண்டு மட்டும் சொல்ல ஏலும்."

தேறிவிட்டீர். "தெரியாதெண்டு சொன்னதுக்கு ஒரு பட்டமோ?" என்று ஐயா கடைசிவரை நம்பவில்லை. அந்தக் கதிரையில் பூனை படுத்தது.

உம்மிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது பெரிய படிப்பு ஒன்றுமில்லை. யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், தற்செயலாகவும் அப்படி இருக்கலாம் என்று ஒரு நிமிடம் பேசாமல் இருப்பேன். அந்த ஒரு நிமிடத்தில் உமது முறைப்பு கண்ணுக்குள் வரும். நீர் இல்லாதது எனக்குப் பெரிய குறைதான்.

தெருவில் காண்கிறவர்கள், தனிய எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். "ஓம், சுகமாய் இருக்கிறன்," என்று சொல்லி அனுப்புகிறேன். இதுவரை ஒருவருக்கும் பக்கத்து வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.