அனுப்பியவரே பாடம் நடத்த வேண்டும்

டீச்சர்,

செவ்வாய்க்கிழமை கன்னிவாடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன். புதிதாக வந்திறங்கிய கணினிகளைப் பற்றிப் பேப்பருக்கு எழுதச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் நடக்கும்போது மல்லிகை வாசம் அடித்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில், ஒரு பெண் பையை அணைத்தபடி நின்றாள். தலையில் பூ இல்லை. வாசம் அவள் விரல்களிலிருந்து வந்தது. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது.

"ஏம்மா வெளிய நிக்கிற?"

"லேட்டு சார்."

"எம்புட்டு நாளா?"

"போன வாரத்துலருந்து. பூ எடுத்துட்டு வர நேரமாயிருது."

பெயர் கவிதா. அம்மா பாண்டியம்மாள் மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுப்பவர். மகளும் கூடப் போனால்தான் மார்க்கெட் வண்டி கிளம்புவதற்குள் முடியும்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். "இதைப் பத்தாவதுக்கு அனுப்பிட்டு நான் எப்படி சார் ரிசல்ட் காட்டுறது? வெள்ளிக்கிழமை வந்து டிசி வாங்கிக்கச் சொல்லிட்டேன். அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்றார். கவிதாவைத்தான் 'அது' என்றார்.

நாம் அறிமுகமானதே இப்படி ஒரு டிசியால்தான். பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் நின்ற மூன்று பிள்ளைகளைப் படம் எடுத்து, 'பள்ளி நேரத்தில் ஊர்சுற்றும் மாணவர்கள்' என்று போட்டேன். அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்காம் நாள், அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சராக நீங்கள் எங்கள் திண்டுக்கல் அலுவலகத்துக்குள் வந்தீர்கள்.

"அதுக ஊர் சுத்தலங்க. சீருடை கிழிஞ்சிருக்குன்னு நாங்கதான் வெளிய அனுப்புனோம். உங்க பேப்பரக் காட்டி மூணு பேருக்கும் டிசி குடுத்துட்டாக."

மறுப்பு போடுகிறேன் என்றேன்.

"மறுப்ப வச்சு அந்தப் பிள்ளைக என்ன செய்யும்? வண்டிய எடுங்க."

மூன்று வீடுகளும் ஒரே தெருவில் இருந்தன. ஊரைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்த பிறகு வரும் தெரு. "பாத்துக்கங்க. வெளிய நிக்கிற பிள்ளைக எந்தத் தெருன்னு மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டீக" என்றீர்கள். இரண்டு பையன்களைச் சண்டை போட்டுத் திரும்பச் சேர்த்தீர்கள். மூன்றாவது ஒரு பெண். நூல் மில் வேலைக்கு ஆள் எடுக்கும் வண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா உங்களிடம் கோபப்படக்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீங்கள் இன்னொரு பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனதும் ஒரே ஒரு விதிதான் போட்டீர்கள். ஒரு பிள்ளையை யார் வெளியே அனுப்பினாலும், அன்று சாயங்காலம் அவரே இருந்து அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளைக்கு நடத்திவிட்டுப் போக வேண்டும்.

"எங்களுக்கு வீடு வாசல் இல்லையா மேடம்?" என்று கேட்டார் அறிவியல் ஆசிரியர்.

"இருக்குல்ல? அப்ப உள்ளயே வச்சுக்கங்க."

வராந்தா காலியாகிவிட்டது. தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு நோட்டு வைத்தீர்கள். காரணத்தைப் பிள்ளைகளே எழுத வேண்டும். ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்தேன். 'பூ எடுத்தேன்.' 'தம்பிக்குக் காய்ச்சல், அம்மா வேலைக்குப் போயிருச்சு.' 'தண்ணி வரல.' 'சட்டை காயல.' அதைப் படித்துவிட்டுத்தான் முதல் பீரியடை விளையாட்டுக்குக் கொடுத்து, கணக்கை மூன்றாவதுக்கு மாற்றினீர்கள். சேட்டைக்காரப் பிள்ளைகள் உங்களிடமும் இருந்தார்கள். ஒருநாள் உங்கள் நாற்காலியில் பசை தடவியவனை நீங்களே கத்தி வெளியே அனுப்பினீர்கள். அன்று மாலை பார்க்க வந்தபோது அவனோடு உட்கார்ந்து வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "செத்த நேரம் இருங்க. இன்னைக்குத் தண்டனை எனக்கு" என்றீர்கள். அவன் சிரித்தான். நீங்கள் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் அந்தத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். "அந்தம்மா காலம் வேற சார்" என்றார். டிசி கொடுத்தால் எழுதுவேன் என்றேன். "எழுதுங்களேன். நூறு சதவீதம் தேர்ச்சின்னு எங்க போட்டோவப் பெருசாப் போட்டதே உங்க பேப்பர்தான?"

உண்மைதான். அந்த நூறு எப்படி வந்தது, தேர்வு எழுத விடாமல் எத்தனை பேரை முந்தின வருடமே கழித்துக்கட்டினார்கள் என்று நான் கேட்டதில்லை. வருடாவருடம் படம் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பாண்டியம்மாளுடன் போனேன். மேசையில் டிசி தயாராக இருந்தது. பாண்டியம்மாள் பேனாவை எடுத்தார். "கையெழுத்துப் போடாதீங்கம்மா" என்றேன்.

"போடலன்னா பிள்ளைய உள்ள விடுவாகளா சார்?"

அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பாண்டியம்மாளும் பேனாவை வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியர் டிசியை இழுப்பறைக்குள் போட்டார். முதல் பீரியடுக்கு உள்ளே விட மாட்டாராம். இரண்டாவதிலிருந்து உட்காரலாமாம். முதல் பீரியடு கணக்கு.

வேறு ஏதோ கையெழுத்து வாங்க அங்கே வந்து நின்ற இளம் ஆசிரியை, தலைமையாசிரியரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "கணக்கு நான்தான் சார் எடுக்கிறேன். எனக்கு அஞ்சு பத்துக்குத்தான் பஸ்ஸு. சாயங்காலம் அவளுக்கு நடத்திட்டுப் போறேன்." உங்கள் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

கவிதா உள்ளே போனாள். பாண்டியம்மாள் தலைமையாசிரியரைப் பார்த்துக் கைகூப்பி, "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சாமி" என்றார். தன் மகள் தன் வகுப்பில், அதுவும் முதல் பீரியடு இல்லாமல், உட்கார்வதற்காக. அவரும் சரி சரி என்று தலையாட்டி அதை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, டீச்சர். நீங்கள் இருந்தவரை இப்படிப்பட்ட நாளில் உங்கள் வீட்டுக்கு வந்து கத்திவிட்டுப் போவேன். பாதிக் கோபத்தை நீங்கள் வாங்கிக்கொண்டு, மறுநாள் அதை வைத்து ஒரு வேலை செய்வீர்கள். இப்போது முழுவதும் என்னிடமே இருக்கிறது. திங்கட்கிழமை காலை, முதல் பீரியடு மணி அடிக்கும்போது, கவிதா நிற்கும் அந்த வராந்தாவில் இருப்பேன்.