குச்சியில் நான் போட்ட கோடுகள்

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ‘தாயி’ என்று மட்டுமே கூப்பிட்ட என் அய்யாவுக்கு,

நாளைக் காலை சித்தப்பா நம் வல்லத்தைக் கடலுக்கு எடுக்கிறார். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. இன்ஜினைப் பார்த்தாயிற்று, வலையைத் தைத்தாயிற்று. டீசல் அளக்கும் குச்சியும் பழைய இடத்திலேயே செருகியிருக்கிறது. அந்தக் குச்சியைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பழைய டேங்க் துருப்பிடித்ததும், வல்லத்தின் அடிக்குழிக்குள் பொருந்துகிற மாதிரி புதிதாக ஒன்று அடித்து வந்தீர்களே, நினைவிருக்கிறதா? மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகி, நுனியில் கத்தி மாதிரி. “நீதான் படிக்கிற புள்ளையாச்சே, குச்சியில கோடு போட்டுக் குடு தாயி” என்றீர்கள். நூறு லிட்டர் டேங்க். ஸ்கேலை வைத்து அதன் ஆழத்தைப் பத்துச் சம பங்காகப் பிரித்தேன். கோட்டுக்குப் பத்து லிட்டர் என்று சிவப்பு நெயில் பாலிஷால் வரைந்தேன். கோடு கோணாமல் இருக்கிறதா என்பதில்தான் என் கவனமெல்லாம்.

அதைக் கரையில் எல்லோரிடமும் காட்டினீர்கள். அதே மாதிரி டேங்க் வைத்திருந்த இரண்டு பேர் தங்கள் குச்சிகளையும் கொடுத்தார்கள். அவர்களுக்கும் அப்படியே போட்டேன்.

டேங்கை நிரப்பி முதல் நாள் போய்வந்தபோது ஒன்றரைக் கோடுதான் இறங்கியிருந்தது. “எம்மக கோடு போட்டதுலேர்ந்து இன்ஜினு கம்மியாத்தான் குடிக்குது” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போதாவது யோசித்திருக்கக் கூடாதா நான்?

நான்காவது தடவை கிளம்பும்போது குச்சி நாலு கோடு நனைந்திருந்தது. நாற்பது லிட்டர் கிடக்கிறது, தாராளம் என்று போனீர்கள். திரும்பும் வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. குச்சியை விட்டுப் பார்த்தால் நுனிகூட நனையவில்லை என்று உங்களோடு வந்த சித்தப்பா சொன்னார். அப்போது நீங்கள் அவரிடம் சொன்னதையும் சொன்னார்.

“எங்கயோ ஒழுகிருச்சுலே. கோடு தப்பாது, எம்மக போட்டது.”

வாடைக்காற்று வல்லத்தைப் பாறைப் பக்கம் தள்ளியிருக்கிறது. நங்கூரத்தைப் போடக் குனிந்த உங்களை ஓர் அலை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள்தான் உங்களைப் பார்த்தோம்.

போன வாரம் சித்தப்பா டேங்கைக் கழற்றி வாசலில் வைத்து, ஒழுக்கு எங்கே என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றினார். குச்சியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். முதல் பத்து லிட்டர் கேனுக்கே மூன்றாம் கோடு நனைந்தது. இரண்டாவது கேன் முடியும் முன்பே நாலாம் கோடு. அய்யா, நீங்கள் நாற்பது லிட்டர் என்று நம்பிப் போனது இருபதுகூட இல்லை. சித்தப்பா குச்சியைப் பார்க்கவே இல்லை, டேங்கின் அடியையே தடவிக்கொண்டிருந்தார். “ஒரு சொட்டுகூட ஒழுகல. என்னன்னே வெளங்கல புள்ள” என்றார். கீழே குறுகும் டேங்கில் அடிக் கோடுகளுக்கு இடையே கொஞ்சம்தான் பிடிக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரிவகத்தின் பரப்பளவுக் கணக்கில் வகுப்பிலேயே முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மறுநாள் குச்சியைக் கொண்டுபோய் உடைமரப் புதருக்குள் வீசினேன். விறகு பொறுக்கப் போன அம்மா அதைக் கண்டெடுத்து முந்தானையால் துடைத்தார். “அவரு கைபட்டதுடி, யாரு இங்கன போட்டது?” என்று கேட்டுவிட்டு, அவரே கொண்டுபோய் வல்லத்தில் செருகினார். உண்மை தெரிந்தால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பார்? சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாரா?

ஆனால் இன்று காலை சித்தப்பா, திரும்ப மாட்டிய டேங்கில் பீப்பாயில் மிச்சமிருந்த டீசலைக் கொட்டிவிட்டுக் குச்சியை விட்டுப் பார்த்தார். ஐந்து கோடு. “பாதி கெடக்கு, போயிட்டு வர இது போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதாது அய்யா. உள்ளே கால்வாசிதான் இருக்கிறது.

சித்தப்பா இப்போது கரையில் வலை ஏற்றிக்கொண்டிருக்கிறார். இதை எடுத்துக்கொண்டு போய் முதலில் அவருக்கு வாசிப்பேன். பிறகு மீன் ஏலம் விடும் கொட்டகைச் சுவரில் ஒட்டுவேன், மற்ற இரண்டு வல்லக்காரர்களும் படிக்கட்டும். டேங்கைக் காலி செய்து, கேன் கேனாக டீசலை ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் நனைந்த இடத்தில் கோடு கீறும்வரை மூன்று வல்லத்தில் ஒன்றையும் போகவிட மாட்டேன். சித்தப்பா கை ஓங்கினாலும், அம்மா என்னோடு பேசாமலே போனாலும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பேன். இது சத்தியம் அய்யா.

கடைசிவரை நீங்கள் நம்பிய,
கோட்டைத் தப்பாகப் போட்ட
உங்கள் மகள்