நம் வாசலை மட்டும் விட்டுவிட்டார்கள்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, நூர்நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் அஸ்ஃபியாவும் மாமாவும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ள துஆ செய்கிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டால்தான் மாமாவுக்குக் கேட்கும். உங்கள் அத்தா பக்கத்தில் இருக்கும்போது நான் என்னத்தைப் பேசுவது? வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம், அதற்காக இன்னும் இரண்டு வருஷம் ஷார்ஜாவிலேயே இருந்துவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னதற்குச் சரி என்றேன். சரி இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதி, ஷார்ஜா திரும்புகிற கோட்டக்குப்பத்துத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் தார் பெயர்ந்து ஜல்லி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அலெக்ஸ் மனைவி ஸ்கூட்டரோடு குழியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். நகராட்சி நம் நகரை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை, நாமேதான் வசூல் பண்ணிப் போட்டாகவேண்டும். சங்கத் தலைவர் சீனுவாசன் அண்ணன் கூட்டம் போட்டார். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டால் செலவு பாதி என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கென்ன, பின்னால் வந்து மேடாக்கிக் கட்டியவர்கள். நம் வீடுதான் இந்தத் தெருவில் முதல் வீடு. ஒவ்வொரு தடவையும் மேலே மேலே போட்டு, மூன்று படி ஏறி வந்த வீட்டுக்கு இப்போது இறங்கி வருகிறோம்.

நான் எழுந்து சொன்னேன்: “நடு ரோடு நல்லாத்தான் இருக்குதுண்ணே. தண்ணி நிக்கிற எடத்துலதான் குழி. அத மட்டும் சதுரமா வெட்டி எடுத்துட்டுப் போடுங்க. ஓரமா கால்வா வெட்டி வுடுங்க. செலவு இன்னும் கம்மியாவும்.”

“நீ சொல்றது கரெக்ட்டுதாம்மா. கால்வா வெட்டணும்னா அல்லார் வூட்டுப் படியையும் இடிக்கணுமே, யாரு ஒத்துக்குவா?” என்றார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

தார் வண்டி வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் சக்கர நாற்காலியைப் பலகை போட்டு ஏற்றி, வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டேன். “எங்க வூட்டு முன்னாடி ஒரு சட்டி தார் ஊத்தக்கூடாது!” என்று கத்தினேன். ஆம்பள இல்லாத வூட்டுல இவ்ளோ வாயா என்று எவளோ சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். அண்ணன், “உன் இஷ்டம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போட்டுவிட்டு நம் வாசலை மட்டும் விட்டுவிட்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று மாமாவுக்கு ஏலக்காய் போட்டு டீ கொடுத்தேன். எவ்வளவு அறிவு பாருங்கள் எனக்கு!

போன வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மேடாகிவிட்டதால் தெருத் தண்ணீர் முழுக்க நம் வாசலில்தான் வந்து விழுந்தது. கூடத்தில் கணுக்கால் தண்ணீர். அஸ்ஃபியா கட்டில் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தாள். சேற்றில் பலகை நிற்பதில்லை, அதனால் மாமா ஜும்ஆவுக்கும் போகவில்லை. “அவன்கிட்ட சொல்லாதம்மா, பேஜாராயிடுவான்” என்றார். நான்தான் போனில் உளறிவிட்டேன். விற்றுவிடலாம் என்றால், பார்க்க வந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். வாடகைக்குப் போகலாம் என்றால் மாமா வரமாட்டேன் என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிறேன்.

இது உங்கள் கைக்கு வருவதற்குள் நானே சீனுவாசன் அண்ணனிடம் போய், நம் வாசலிலும் தார் போட்டுவிடச் சொல்லியிருப்பேன். வெட்கமாகத்தான் இருக்கும். பாதித் தண்ணீராவது தெருவோடு போகும். வாசல் இன்னும் புதைந்தால் புதையட்டும். வருகிற தண்ணீரை வாரி ஊற்ற எனக்குக் கையில்லையா?

இந்த வீட்டைக் கட்டத்தான் போனீர்கள். கட்டியாகிவிட்டது, நீங்கள்தான் வரவில்லை. இப்போது தூக்குவதற்காக இருக்கிறேன் என்கிறீர்கள். நீங்கள் தூக்கி முடிப்பதற்குள் இவர்கள் இன்னொரு தடவை மேலே போடுவார்கள் மச்சான். அப்புறம் அதற்கு எத்தனை வருஷம்?

நோன்புக்கு வருவதாகச் சொன்னீர்களே, அதை மாற்றாதீர்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வீடு எப்படி இருந்தால் என்ன, வந்துவிடுங்கள்.

உங்கள்,
நூர்நிஷா