ராஜா அங்கியின் கொக்கிகள்

என் வீட்டுக்காரிக்கு,

அப்பாவுக்கு என் வணக்கம் சொல். பாப்பாவுக்குச் சளி விட்டதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நாடக ராஜாவின் அங்கிக்கு இந்த வெயிலில் வெல்வெட் ஆகாது, பருத்தி எடுப்போம் என்றேன். "பாக்க வர்றவனுக்கா வேர்க்கப்போகுது? வெல்வெட்டே தைய்யா" என்றார் முதலாளி. தைத்தேன். ராஜா வேஷம் கட்டுபவருக்கும் எனக்கும் ஒரே உடல்வாகாம். நேற்று எனக்கே போட்டுப் பார்த்து, முதுகில் இருபது கொக்கியையும் மாட்டிவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கை எட்டவில்லை. ஒரு மணி நேரம் ராஜாவாகவே நின்றேன். சிரிக்காதே.

ஊருக்கு வந்திருக்கும் எங்கள் நாடகக் கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் வேர்க்குருப் பவுடர் இரண்டு டப்பா கொடுத்துவிடு. முதலாளியிடம் லீவு கேட்டேன். "இன்னும் பதினோரு அங்கி இருக்கே" என்கிறார். நாலு டப்பாவாகவே கொடுத்துவிடு.

கூப்பிடுகிறார்கள். அடுத்த அங்கிக்கும் என் அளவுதானாம்.

உன் வீட்டுக்காரன்