கேமரன் மலை ஏறாத வண்டி

விற்றுவிடலாம் என்று இன்று காலை வேனை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அதே வாடை. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து வழியும்போது வருமே, வெல்லப்பாகு தீய்ந்தது போல, அது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. நம் பாயான் பாரு பிளாட்டுக்குக் கீழே நீங்கள் நிறுத்திய இடத்திலேயே அது நிற்கிறது.

உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி. "நம்ம வீடே நம்மகூட வரும்லா" என்று வேலையில் ஓய்வு பெற்றதும் வாங்கி வந்தீர்கள். கேமரன் மலையில் அந்த வேனுக்குள் ஒருநாள் கண்விழிக்க வேண்டும், அவ்வளவுதான் உங்கள் ஆசை. மூன்று முறை கிளம்பினோம். மூன்று முறையும் சிம்பாங் பூலாய் ஏற்றத்தில் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி, கட்டி வந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தீர்கள். ரேடியேட்டரைச் சுற்றி இருந்த இடுக்குகளை எல்லாம் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தீர்கள். "காத்து சோம்பேறி. சந்து கெடச்சா சுத்திக்கிட்டுப் போயிரும், உள்ள நுழையாது" என்பீர்கள். பெரிய ஃபேன் மாட்டினீர்கள், அப்புறம் இரட்டை ஃபேன். பம்பருக்குக் கீழே புதிதாக ஓட்டை வெட்டினீர்கள். ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்றாராம் என்று நான் கேலி வேறு செய்தேன். நான்காம் முறை கிளம்புவதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

மதியம் உங்கள் மெக்கானிக் காசிம் வந்து பார்த்தார். வண்டியின் முன்னால் நின்று தயங்கினார். அங்கே இருப்பது வேல் பதித்த பித்தளைத் தகடு, பெரிய தாம்பாளம் அளவு. உங்களுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்தபோது நான் நேர்ந்துகொண்டு, வண்டி வாங்கியதும் போட்ட வாகன பூசையன்று முன்பக்கக் கிரில்லின் மேல் மாட்டவைத்தது.

"அக்கா, காத்து வர்ற வழியே இதுதான். அண்ணனுக்குத் தெரியும். எடுத்துரலாம்னு நானே சொன்னேன். 'அது அவ நேர்த்திக்கடன்லா, கை வைக்காத, வேற வழி பாரு'ன்னுட்டாரு."

காசிமே தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். என்னையும் ஏற்றிக்கொண்டு பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஓட்டிக் காட்டினார். ஊசி பாதியைத் தாண்டவில்லை. இனிமேல் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். யாரோடு போவது என்று அவரிடம் கேட்க முடியுமா?

தகடு இப்போது சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. சாமி மேடையில் வைக்க மனம் வரவில்லை, தூக்கிப்போடக் கை வரவில்லை. உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது. என் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்து வண்டியெல்லாம் ஓட்டை போட்ட மனிதரை என்னவென்று திட்டுவது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்திருப்பேன். மூன்றாம் நாள் மலைமேல் இருந்திருப்போம்.